பருப்பு வேகவைத்துப் பார்த்த வீடு

இனி வாடகை வீட்டுக்கு வர மாட்டேன் என்று என் மனைவி சொன்னது வாலாஜாபாத்தில், அவளுடைய அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. நான் நாக்பூர் வரைக்கும் லோடு அடித்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் கோடை விடுமுறைக்கு என்று அங்கே போனவர்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அங்கேயே இருந்தார்கள்.

"வாடகை வூடுனா நீ ஒரே நாள்ல சட்டி பானைய கட்டிடுவ. பெரியவ எந்தெந்த பள்ளிக்கூடத்துல படிச்சான்னு அவளுக்கே தெரில. சொந்த வூடுனா சொல்லு, வரேன். இல்லனா நீ இப்டியே வந்து பாத்துட்டு போய்க்கினு இரு" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பம்பாயில் டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். தூத்துக்குடியில் உப்பு வாரினேன். ரயில்வே கான்டிராக்டரிடம் ஜல்லி கொட்டினேன். லாரியில் கிளீனராக ஏறி டிரைவர் ஆனேன். எந்த ஊரையும் சண்டை போட்டுக்கொண்டு விட்டதில்லை. ஒரு காலையில் இந்த ஊர் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். ராணிப்பேட்டை, ஆவடி, செங்கல்பட்டு, மறுபடியும் ஆவடி. என் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டியும் அம்மிக்கல்லும் பிள்ளைகளும் வந்துகொண்டிருந்தார்கள்.

பணம் அவளுடையது. அவளுடைய அப்பா நிலத்தை விற்றதில் அவளுக்கு ஒரு பங்கு வந்திருந்தது. அதை வைத்துத் தன் வீட்டுக்குப் பின்னாலேயே தங்கைக்கு ஒரு அறை கட்டிவிடலாம் என்பது அண்ணனின் யோசனை. ஆவணி பிறந்ததும் கொத்தனார் வருவதாகப் பேச்சு. "மாப்ள, ஒனக்கும் ஒரு பாய் போட எடம் வுட்டு தான் கட்றேன்" என்று என்னிடம் சொன்னார். நல்ல மனிதர், கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த அறைக்குக் கூரை போட்டுவிட்டால் அவர்கள் மூவரும் அங்கே இருப்பார்கள், நான் வந்து போகிற ஆளாக இருப்பேன் என்பது எனக்கும் அவளுக்கும் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது.

ஆக, ஆடி மாதம் முடிவதற்குள் ஒரு வீடு.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். பார்க்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, படப்பையில் டீ குடிக்கிற இடத்தில் ஒரு வீடு விலைக்கு வருவதாகச் சொன்னார்கள். மறுநாள் லோடு இறக்கிவிட்டு லாரியோடு போய்ப் பார்த்தேன்.

தாம்பரத்திலிருந்து வருகிற பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் மண் தெரு. வயலை மனைகளாகப் பிரித்து எல்லைக்கல் நட்டிருந்தார்கள். கல்தான் அதிகம், வீடு குறைவு. நடுநடுவே வேலிகாத்தான் முளைத்திருந்தது. தெருவில் ஏழெட்டு வீடுகள் இருந்திருக்கும். விலைக்கு வந்த வீடு கடைசிக்கு முந்தையது. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, மேலே தளம், பின்னால் ஒரு கிணறு. சொந்தக்காரர் ஸ்ரீபெரும்புதூரில் கோர்ட் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் ஏற்கெனவே மகனோடு மெட்ராஸுக்குப் போய்விட்டது. வீட்டைக் காட்டுவதற்காக மட்டும் சாவியோடு பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார்.

நான் சுவரைத் தட்டினேன். தளத்தில் ஏறிக் குதித்தேன். மழை நின்றதற்கான கறை இருக்கிறதா என்று பார்த்தேன். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடந்து பார்த்தேன். டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டேன். தெரு நாய்கள் என்னைப் பார்த்து இரண்டு தடவை குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டன. வீடு எனக்குப் பிடித்துவிட்டது.

வாலாஜாபாத்துக்குப் போய் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"டீக்கட, பஸ்ஸு, நாயி. இதெல்லாம் ஒரு ராத்திரி தங்கிட்டு போறவன் பாக்கறது. தண்ணி எப்டி?"

"கெணறு கீது."

"கெணறு இருக்கறது எனக்கும் தெரியும்யா. தண்ணி எப்டி?"

நான் குடித்துப் பார்க்கவில்லை. பல ஊர்த் தண்ணீர் குடித்தவன், இதைப் பார்க்கத் தோன்றவில்லை.

"நானே வரேன்" என்றாள்.

ஆடிக் காற்று ரோட்டு மண்ணை வாரி பஸ்ஸுக்குள் இறைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் இருவரும் படப்பையில் இறங்கினோம். அவள் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. துவரம்பருப்பு. அவளுடைய அண்ணன் வீட்டில் சீக்கிரம் குழைந்துவிடுகிற அதே பருப்பிலிருந்து இரண்டு கை எடுத்து முடிந்துகொண்டு வந்திருந்தாள். தண்ணீர் நல்ல தண்ணீரா என்று பார்க்க எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது போதும். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. விறகைத் தின்னும், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆவடியில் நாங்கள் இருந்த வீட்டுத் தண்ணீர் அப்படி. மாலையில் வைத்த பருப்பு வேகாமல் பிள்ளைகள் மோர்ச்சோறு தின்று தூங்கிய நாள்கள் உண்டு.

அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. தெருவில் மேலும் கீழும் நடந்தாள். கொடியில் காய்கிற துணிகளைப் பார்த்தாள். வெள்ளைத் துணிகள் பழுப்பாக இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறாள், எனக்கு அப்போது புரியவில்லை. மாவு மில் எங்கே, ரேஷன் கடை எங்கே என்று ஒருத்தியிடம் கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டுமா என்று இன்னொருத்தியிடம் கேட்டாள். தாண்ட வேண்டாம் என்றதும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி தன் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தாள். இவள் நடையைக் குறைத்துக்கொண்டு அந்தத் திட்டு முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

"இன்னாத்துக்கு நின்ன?"

"எந்த மாதிரி திட்றாங்கனு பாத்தேன். பரவால்ல. அப்பன் ஆத்தாள இழுக்கல."

குமாஸ்தா வாசலில் காத்திருந்தார். "ஆடி மாசத்துல பார்க்க வர்றீங்களே அம்மா" என்றார்.

"ஆடில பாத்தா தாங்கய்யா கெணத்துல அடி தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அறைகளை அவள் பார்த்தது மிகக் கொஞ்ச நேரம். நேரே பின்கட்டு. கிணற்றை நான் முதல் தடவை சரியாகக் கவனித்திருக்கவில்லை. அது பாதிக் கிணறு. இரண்டு மனைகளுக்கும் பொதுவாக எல்லையில் வெட்டி, மேலே குறுக்காக மதிற்சுவரை எழுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். நாங்கள் நின்றபோது அந்தப் பக்கத்து வாளி சத்தத்தோடு உள்ளே இறங்கியது. கீழே எட்டிப் பார்த்தால் தண்ணீரில் எங்கள் முகங்களும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்க்கிற ஒரு பெண்ணின் முகமும் தெரிந்தன.

"யாரு, வூடு பாக்க வந்தவங்களா?" என்று அந்த முகம் கேட்டது.

"ஆமாம்மா" என்றாள் இவள், தண்ணீரைப் பார்த்தபடியே.

"குடும்பமா, ஆம்பளைங்க மட்டுமா?"

"குடும்பம் தான். ரெண்டு பொண்ணுங்க."

"அப்பாடா. போன வாரம் ஒருத்தர் வந்தாருக்கா. கம்பெனி பசங்க பத்து பேர வாடகைக்கு வெக்கறாராம். கெணத்த சுத்தி ஜட்டியோட குளிச்சிக்கினு நிப்பானுங்க, நான் எப்டி தண்ணி சேந்தறது?"

குமாஸ்தா தொண்டையைச் செருமினார்.

நான் ஒரு வாளி இறைத்தேன். ஒரு கை குடித்தேன். நாக்கின் ஓரத்தில் லேசான ஒரு கரிப்பு. படிக்கட்டில் கிடந்த சோப்புத் துண்டை எடுத்துக் கை கழுவினேன். நுரை வரவில்லை, திரிந்த பால் மாதிரி வழிந்தது. அவளிடம் கையைக் காட்டினேன்.

"பாத்தேன். பருப்பு சொல்லட்டும்" என்றாள்.

காலி வீட்டில் ஸ்டவ் இல்லை. அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். "ஏம்மா, கொஞ்சம் பருப்பு வேக வெக்கணும். ஸ்டவ் இருக்குமா?"

"குடுங்கக்கா, நான் வெக்கறேன். அந்த வூட்ல இன்னா இருக்கு, வெறும் செவுரு." மதிலுக்கு மேலே ஒரு கை நீண்டது. இவள் பருப்பைக் கொடுத்தாள். எங்கள் பக்கத்து வாளியிலிருந்தே ஒரு சொம்புத் தண்ணீரையும் நீட்டினாள். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "ஒரே கெணறு தாங்க்கா. ஒங்க பக்கம் மட்டும் இளநீரா வருது?"

குமாஸ்தாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "இதுவரைக்கும் எத்தனையோ பேர் வந்தாங்க. வாஸ்து பார்த்தாங்க, வில்லங்கம் பார்த்தாங்க. பருப்பு கொண்டுவந்து யாரும் பார்க்கலை" என்று என்னிடம் சொன்னார். குரலில் கோபமும் கொஞ்சம் பயமும் இருந்தன.

பருப்பு வேகிற நேரத்துக்கு நாங்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் போய் வந்தோம். பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் இருக்கிறதா என்று அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். இருக்கிறது, கதவு இல்லை என்று வந்து சொன்னாள். வருகிற வழியில் அவள் பேசவில்லை. அவளுக்கு அந்த வீடு பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிடித்துவிட்டால் பேச மாட்டாள். வாய்விட்டுச் சொன்னால் கை நழுவிவிடும் என்ற எண்ணம்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வாசலுக்கே வந்து எங்களைக் கூப்பிட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் கரண்டி. உள்ளே ஸ்டவ்வின் மேல் அலுமினியக் குண்டான். அதில் பருப்பு மசிந்து மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பருப்பு முழுசாக இல்லை.

என் பின்னால் வந்த குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார். "பார்த்தீங்களா அம்மா? இந்தக் கிணத்துத் தண்ணிய பத்தி இனி ஒரு வார்த்தை பேசப்படாது."

என் மனைவி உட்கார்ந்து கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதினாள். விரல்களுக்கு நடுவே தேய்த்தாள். முகர்ந்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

"ஏம்மா, சோடா போட்டியா?"

"ஆமாக்கா" என்றாள் அந்தப் பெண் சாதாரணமாக. "ஒரு சிட்டிக ஆப்பசோடா. போடாம எப்டி வேவும்?"

குமாஸ்தா அப்படியே திரும்பி வாசலுக்குப் போய் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயோ, தண்ணி பாக்கறதுக்கா வெச்சீங்க? பஸ்ல வந்திருக்கீங்க, பசியா இருக்கும், சோத்துக்கு வெக்கறீங்கனு நெனச்சேன். பூண்டெல்லாம் தட்டி போட்டேன். சோறு கூட வடிச்சிட்டேனே!"

உண்மையாகவே இன்னொரு பானையில் சோறு இருந்தது. என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணும் கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"யோவ் பெரியவரே" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள் அந்தப் பெண். "நான் ஒண்ணும் ஒங்க யாவாரத்த கெடுக்கல. எனக்கும் இவங்க வந்தா தான் நல்லது. ஆனா கேட்டா பொய் சொல்ல சொல்றியா? நாளிக்கு இந்த கெணத்துல தான மூஞ்சிய பாத்துக்கணும்."

"உன்னை யார் கேட்டா?"

"அந்தக்கா தான் கேட்டுச்சி. காது கேக்கலியா? சரி வா, வந்து துன்னு. கோவத்துக்கு பசிக்காதா?"

வந்தார். நால்வரும் அந்தச் சமையற்கட்டிலேயே உட்கார்ந்து பருப்பும் சோறும் சாப்பிட்டோம். சோடா வாடையைப் பூண்டு பாதி மறைத்திருந்தது. குமாஸ்தா இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷமும் அவர் வீட்டிலும் சோடா போட்டுத்தான் சமைத்ததாகவும், அது தண்ணீரின் குறை என்று தனக்குத் தெரியவே தெரியாது, சமையலில் அது ஒரு பகுதி என்றே நினைத்ததாகவும் சொன்னார். நான் நம்பினேன். சமையற்கட்டுக்குள் அவர் அதிகம் போயிருக்க மாட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே என் மனைவி கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். குளிக்க, துவைக்க இந்தக் கிணறு. துணி பழுப்பாகும், தலை சிக்காகும். குடிக்கவும் நல்ல சமையலுக்கும் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், கீரைத் தோட்டத்துப் பம்பு செட்டில் பிடிக்க வேண்டும். தோட்டக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், பாத்தியை மிதித்தால் மட்டும் கத்துவார். கரண்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் விடியற்காலையில் வரும். அந்தப் பெண்ணின் புருஷன் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு தவலை கொண்டுவந்து போட்டுவிடுவான். அவனுக்கு ஓவர்டைம் இருந்தால் அன்றைக்குச் சோடாதான்.

கிளம்பும்போது குமாஸ்தா, "உங்க முடிவு..." என்று இழுத்தார்.

"ரெண்டு நாள்ல சொல்றோங்க" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் புளிய மரத்தடியில் நின்றோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கீரைத் தோட்டம் தெரிந்தது. சின்ன மோட்டார் கொட்டகை. ஜல்லி லாரி ஒன்று புழுதியோடு எங்களைத் தாண்டிப் போனது. அவள் ரோட்டின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வோணாம்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேன். கொத்தனார் ஞாபகம் எனக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும்.

"எதுக்கு? தெரு நல்லா கீது. பள்ளிக்கூடம் கிட்டக்க கீது. அந்த பொண்ணு நல்ல பொண்ணு."

"தண்ணி?"

"தண்ணிய நீ கொண்டார."

"நானா?"

"பின்ன? இந்த ரோட்ட தாண்டி கொடத்தோட நானும் வர மாட்டேன், பொண்ணுங்களையும் அனுப்ப மாட்டேன். லாரி ஓட்றவனுக்கு தான லாரி வரது தெரியும்."

"நான் வெளியூர் லோடுக்கு போய்ட்டா?"

"போ. யாரு வாணாம்னா?" என்றாள். "நீ இல்லாத அன்னிக்கி பருப்பு வேவாது. புள்ளைங்க கேட்டா, ஒங்கப்பன் இல்ல, அதான் வேவலனு சொல்லுவேன். சோடா மட்டும் போட மாட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்துக் கக்கூஸில் கதவு இல்லை என்று சொன்ன அதே குரல். தாம்பரத்திலிருந்து வருகிற பஸ் தூரத்தில் தெரிந்தது. அது வருவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பஸ்ஸின் போர்டைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

"சரி" என்றேன்.

"வாலாஜாபாத் தான். ஏறு" என்றாள்.

ஆவணியில் பத்திரம் முடிந்தது, அவள் பேரில். அண்ணன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளித்தார். கொத்தனாரை அனுப்பிப் பின்கட்டுக்குத் துவைக்கிற கல் போட்டுக்கொடுத்தார். பால் காய்ச்சிய அன்றைக்கு, பானையில் ஊற்றிய முதல் சொம்பிலிருந்து எல்லாமே பம்பு செட்டுத் தண்ணீர். நான் இரண்டு தவலைகளைக் காவடித் தடியில் கட்டிக்கொண்டு வந்தது.

வெளியூர் லோடை விட்டுவிட்டேன். சூளை லோடு, ஜல்லி லோடு, பிறகு ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன். சம்பளம் குறைவு. விடியற்காலையில் மோட்டார் ஓடுகிற சத்தம் ரோட்டைத் தாண்டிக் கேட்கும். எழுந்துவிடுவேன். தோட்டக்காரரோடு அதிகம் பேசியதில்லை. ஒரு தடவை பாத்தியை மிதித்து வசவு வாங்கினேன்.

போக வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஒரு நாள் காலையில் பழைய கூட்டாளி ஒருவன் புளிய மரத்தடியில் லாரியை நிறுத்தி ஹார்ன் அடித்தான். ஹைதராபாத் லோடு, மாற்று டிரைவர் இல்லை. "ஏறுடா, சட்டைய வழியில வாங்கிக்கலாம்" என்றான். தோளில் தடி இருந்தது. இதை வீட்டில் இறக்கிவிட்டு வருகிறேன் என்றேன். இறக்கினேன். சின்னவள் ஒரு சொம்பு எடுத்துக் குடித்தாள். நான் கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஹார்ன் இன்னும் இரண்டு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் உட்காருவது என்று யோசித்து முடிவு செய்ததாக நினைவில்லை.

சில வருஷங்கள் கழித்துத் தெருவுக்குக் குழாய் வந்தது. குழாயைத் திறந்த அன்று எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். தண்ணீர் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கிணற்றுக்கு மேலே இருந்த மதில் வழியாக, "யக்கா, பருப்பு கீதா?" என்று கத்தினாள். என் மனைவி குழாய்த் தண்ணீரில் பருப்பு வைத்தாள். நன்றாக வெந்தது.

என் தட்டில் போடும்போது, "வெந்துச்சி பாரு. இனிமே நீ எங்க போறதுனாலும் போ" என்றாள். பெண்கள் இருவரும் சிரித்தார்கள்.

ஒரு வாய் வைத்தேன். நாக்கில் பழைய வாடை ஒன்று தெரிந்தது. அவளைப் பார்த்தேன். அவளும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுப்படியில் இருந்த சின்ன டப்பாவைத் திறந்து பார்த்தாள். பம்பு செட்டில் கரண்டு வராமல் நான் வெறும் தவலையோடு திரும்பிய நாள்களுக்கு என்று, எனக்குத் தெரியாமல் அவள் வாங்கி வைத்திருந்த சோடா. பழக்கத்தில் அன்றைக்கும் ஒரு சிட்டிகை விழுந்திருந்தது.

"இத எப்ப வாங்கின?" என்று கேட்டேன்.

"வூடு வந்த மறுநாளே" என்றாள்.